ஆறு ஐம்பது பேருந்துக்குக் கண்ணீர் அஞ்சலி

ராஜபாளையத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் நான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வீட்டு விசேஷம் என் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் என்றால் அடியில் ஒரு வரிசை முகங்கள் இருந்தே ஆக வேண்டும். மாமன், மச்சான், சிநேகிதன், அவன் மடியில் இருக்கிற கைக்குழந்தை வரைக்கும். ஒரு முகம் விட்டுப்போனால் அந்த வீட்டோடு ஒரு வருஷம் பேச்சு இருக்காது. பட்டாளத்துக்காரனை யூனிபார்மில் போட வேண்டும், போலீஸ்காரனைத் தொப்பியோடு போட வேண்டும். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் இது. எழுதி வைத்த சட்டமும் ஒன்று இருக்கிறது என்பதை நான் வைக்கோல் படப்பில்தான் படித்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் ஊர் கான்சாபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு டவுன் பஸ் வரும். வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே மாறி ராஜபாளையம் போவேன். ஒரு நாள் அந்த பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு மாசம் வரவில்லை. மனு எழுதிக் கொடுத்தோம், அதற்கும் பதில் இல்லை. தினமும் விடியக்காலையில் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது.

"செத்துப்போச்சுன்னே வச்சுக்கிருவோம். ஒரு கண்ணீர் அஞ்சலி போட்டுருவமா?" என்று பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். உடனே பன்னிரண்டு பேர் போட்டோ அனுப்பிவிட்டார்கள்.

போட்டேன். நடுவில் பஸ்ஸின் படம், அதைச் சுற்றி மாலை, மேலே எரிகிற குத்துவிளக்கு. 'எங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்து சென்ற ஆறு ஐம்பதே! உன் ஹாரன் சத்தம் கேட்காமல் வாடும் பயணிகள்.' கீழே பன்னிரண்டு முகங்கள். அதில் ஒன்று என் தம்பி.

தம்பி அப்போதுதான் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓடி, கயிறு ஏறி, லிஸ்டில் பெயர் வந்து உட்கார்ந்திருந்தான். வெரிபிகேஷன் மட்டும்தான் பாக்கி. ஸ்டேஷனில் இருந்து 'இவன் மேல் ஒன்றுமில்லை' என்று எழுதிப் போனால் ஆர்டர் வந்துவிடும். லிஸ்ட் வந்த அன்றைக்கே நான் அவன் தலையை எடுத்து ஒரு காக்கிச்சட்டை உடம்பில் ஒட்டி வைத்திருந்தேன். அம்மா பார்க்க ஆசைப்பட்டாள். அஞ்சலி பிளெக்ஸிலும் அதையேதான் தூக்கிப் போட்டேன். அவன் முகத்துக்கு அதைவிட நல்ல படம் என் கம்ப்யூட்டரில் இல்லை. போலீஸ்காரனைத் தொப்பியோடு போட வேண்டும் என்கிற நினைப்பில் கை தானாகப் போய்விட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிளெக்ஸ் ஊர் முக்கில் இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் தம்பியையும் என்னையும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள்.

எஸ்.ஐ. செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "ஏம்மா, இது யாரு? இன்னும் ட்ரெயினிங்கே போகல, அதுக்குள்ள காக்கி போட்டு கவர்மெண்டக் கேலி பண்றானா?"

"சட்டை நான் ஒட்டுனது சார். அவனுக்குத் தெரியாது" என்றேன்.

"பேச்சுரிமைன்னு சொல்லுவீக. அதுக்கும் ஒரு அளவு இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். அவரே எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதம் அது. அனுமதி வாங்காமல் பிளெக்ஸ் வைத்தது தவறு. சீருடைப் படம் போட்டது தவறு. அரசுக்குக் கெட்டபெயர் வர வேண்டும் என்று பொய்யான செய்தி எழுதியது தவறு. "கையெழுத்துப் போட்டா ஃபைலை முடிச்சு அனுப்பிருவேன். நாளைக்குக் காலைல வா" என்றார் தம்பியிடம்.

முதல் இரண்டும் சரிதான். மூன்றாவது எப்படிப் பொய்யாகும்? பஸ் வரவில்லையே! ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் வெரிபிகேஷனில் அவர் என்ன எழுதுவாரோ. போட்டால், போலீஸ் ஆகப்போகிறவன் பொய் சொன்னதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஏட்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை? அவன் வேலை போச்சுன்னா உன்ன நான் சும்மா விட மாட்டேன்" என்று ஒரே பாட்டாகப் பாடினாள்.

எனக்கோ எஸ்.ஐ. சொன்ன அந்த 'அளவு' மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அந்த அளவு எம்புட்டு? அதை யார் அளந்தார்கள்? எங்கே எழுதியிருக்கிறது? இந்தப் 'பேச்சுரிமை'யை நான் எங்கேயோ டைப் அடித்திருக்கிறேன் என்றும் தோன்றியது. திடீரென்று ஞாபகம் வந்தது. ஒரு காலேஜுக்கு அடிப்படை உரிமைகளை ஆளுயரத்துக்கு அடித்தோம். பிரிண்ட் மிஷின் நடுவில் கோடு கோடாக இழுத்துவிட்டதால் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். வீணாய்ப்போன பிளெக்ஸை யார் விடுவார்கள்? வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கோல் படப்பு நனையாமல் போர்த்தியிருந்தோம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை, கருத்துரிமை உண்டு என்கிற வரி பளிச்சென்று மேலே இருந்தது. அதற்கு அடுத்த பகுதி கீழே மடங்கி, காற்றுக்குப் பறக்காமல் இருக்க வைத்த கல்லுக்கு அடியில் இருந்தது. நான் கல்லை நகர்த்த, மாடு என்னவோ தீனி என்று கழுத்தை நீட்ட, அதன் மூஞ்சியை ஒரு கையால் தள்ளிக்கொண்டே படித்தேன். நானே டைப் அடித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிக்கிறேன்!

அரசாங்கம் பேச்சைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் நியாயமான அளவுக்கு, சில காரணங்களுக்காக மட்டும், அதையும் சட்டம் போட்டுத்தான். காரணங்களை விரல் விட்டு எண்ணினேன். எட்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் எங்கள் செத்துப்போன பஸ்ஸை வைத்துப் பார்த்தேன். நாட்டின் இறையாண்மை? டவுன் பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாட்டின் பாதுகாப்பும் அப்படித்தான். அயல்நாடுகளோடு நட்புறவு என்று ஒன்று வந்தபோது படப்புக்கு முன்னால் தனியாக நின்று சிரித்துவிட்டேன். எந்த நாட்டுக்காரன் வந்து எங்கள் ஊர் முக்கில் படித்தான்? நாகரிகத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரு குறையும் இல்லை, குத்துவிளக்குகூட வைத்தேன். பொது ஒழுங்கில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். இரண்டு பைக்குக்காரர்கள் வண்டியை நிறுத்திச் சிரித்தார்கள், அவ்வளவுதான். கோர்ட்டை நாங்கள் இழுக்கவே இல்லை. அவதூறு என்றால் யாரைச் சொன்னோம்? யாரையும் குற்றம் செய்யத் தூண்டவும் இல்லை, அழத்தான் தூண்டினோம்.

இருந்தாலும் எனக்குச் சட்டம் தெரியுமா என்ன? பக்கத்து வீட்டு பைக்கை இரவல் வாங்கி, தம்பியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் கடையில் போர்டு அடித்த ஒரு வக்கீலம்மா, என்னைவிடச் சின்னப்பிள்ளை, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"போர்டு வைக்க அனுமதி வேணும்னு சட்டம் இருக்கு. அதுல நீங்க தப்பு. எழுதுனதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு எந்தச் சட்டம் இருக்கு? சாருக்குப் பிடிக்கலங்கிறது சட்டம் இல்லக்கா." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "சர்வீஸ்ல சேந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"அப்ப இப்ப முழு உரிமை உண்டு. சேந்துட்டா வேற கதை. நடத்தை விதின்னு இருக்கு, கவர்மெண்டப் பத்தி வாயத் தொறக்க முடியாது."

வீடு வந்ததும், "ஏலே, மூணாவதையும் எழுதிக் குடுத்துரு. நான் பாட்டுக்கு நடந்து போயிக்கிறேன்" என்றேன். பயத்தில்தான் சொன்னேன், மறைக்க ஒன்றுமில்லை.

அவன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்து எழுதினான். அனுமதி வாங்காதது தவறு, பிளெக்ஸைக் கழற்றிவிட்டோம். சீருடைப் படம் தவறு, இனி நடக்காது. பேருந்து ஒரு மாதமாக வராதது உண்மை. அவ்வளவுதான்.

காலையில் எஸ்.ஐ. அதை இரண்டு தடவை படித்தார். "மூணாவது எங்கலே?"

"அது பொய்யில்ல சார். பொய்யின்னு எழுதுனா அதுதான் சார் பொய்" என்றான் தம்பி.

அவர் தாளை ஃபைலில் வைத்து, "போ. பொறவு பாப்போம்" என்றார். அந்தப் 'பொறவு' என்ன என்று தெரியாமல் ஒன்றரை மாசம் நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. தபால்காரர் தெருவில் திரும்பினாலே அம்மா கும்பிட ஆரம்பித்துவிடுவாள். ஒருவழியாக ஆர்டர் வந்தது. தம்பி ட்ரெயினிங் போனான்.

அவன் போன பிறகு ஒரு திங்கட்கிழமை ஆறு ஐம்பதும் வந்து நின்றது. எங்கள் பிளெக்ஸால் வந்ததா, தானாக வந்ததா, யாருக்கும் தெரியாது. ஊரே சேர்ந்து வரவேற்புப் பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்றது. இந்தத் தடவை நான் நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். அதே பன்னிரண்டு முகங்கள், மேலே 'மீண்டு வந்த பேருந்துக்கு நன்றி'. தம்பிக்குச் சாதாரணச் சட்டை போட்ட படத்தைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு போன் கொடுப்பார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, என் போட்டோவ எடுத்துரு" என்றான்.

"ஏலே, இது நன்றி சொல்ற பிளெக்ஸ்லே!"

"நன்றி சொன்னாலும் மேலதிகாரிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும். இங்க நடத்தை விதிக்குக் கையெழுத்துப் போட்டுருக்கேன்."

இதற்காகவா அன்றைக்கு எஸ்.ஐ. முன்னால் எதிர்த்து நின்றாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவனே, "கோவிச்சுக்கிறாதக்கா. ரிட்டயர் ஆனப்பொறவு போடு" என்றான்.

அவனுக்கு அப்போது வயது இருபத்துமூன்று.