இரண்டு படமும் ஒரே காது

யுத்த காலத்தில் ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். படம் எடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. அதை ஒரு காது வந்து தீர்த்து வைத்தது.

பதினாறு வயதுப் பெண். பக்கத்துத் தெருவில் அத்தர்க் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். வலது காதில் சீழ் பிடித்து, பின்னாலுள்ள எலும்பு வரை போய்விட்டது. மறுநாள் அதை உளியால் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த எலும்புக்கு உள்பக்கம்தான் மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளம் ஓடுகிறது. சிலருக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும், சிலருக்குக் காதை ஒட்டியே வரும். உளி பட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அது எங்கே ஓடுகிறது என்று டாக்டருக்குக் காட்டத்தான் படம்.

கோஷாப் பெண், அந்நிய ஆணான நான் பார்க்கவோ தொடவோ கூடாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, "வலது காது பலகைல படியணும், அப்புறம் ஒத்துப் பார்க்க இடது" என்று நான் சொல்லச் சொல்ல, அவளுடைய அம்மாவே தலையைத் திருப்பி வைத்தார். எந்தக் காது என்று படத்தில் தெரிய, வலது, இடது என்று ஈய எழுத்தை ஒட்டியது மட்டும் நான்.

சாயங்காலம், காய்ந்த படங்களை ஜன்னலில் பிடித்தேன். இரண்டும் எதிரெதிராகத் திரும்பியிருக்க வேண்டும். ஒரே பக்கம் பார்த்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நாளத்தின் கோடு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

வார்டுக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மா மறைக்கவில்லை. "சீ புடிச்ச காதைப் பலகைல வெச்சா துடிக்கிது சார். ரெண்டு காதும் ஒண்ணுதானேன்னு நல்ல காதையே ரெண்டு தபா வெச்சேன்."

அவரைக் கோபிக்க எனக்கு வாய் ஏது? எழுத்தை ஒட்டிவிட்டுக் காதைப் பார்க்காமல் விட்டவன் நான்.

டாக்டர் மயிலாப்பூர்க்காரர். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிலிம் கிடைக்காத காலம். வேலை போனாலும் போகட்டும் என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு இதைப் பார்த்துண்டுன்னா நான் உளியை வெச்சிருப்பேன்" என்று பையைக் கீழே வைத்தார். "இன்னொரு பிலிம் எடு. நான் இருக்கேன்."

இந்தத் தடவை அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மகளின் தலையைப் பிடித்து, அந்தக் காதின் மேலேயே சாய்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் முனகியது கேட்டது. "அசையாதே பேட்டி, என் மவளே. ஆச்சு, ஆச்சு." எனக்குக் கண் கலங்கியது. சுவிட்சை அழுத்தினேன்.

புதுப் படத்தில் நாளம் காதை ஒட்டியே வந்திருந்தது. டாக்டர் அதன்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தார். மறுநாள் உளி அந்தக் கோட்டுப் பக்கம் போகவில்லை.

பத்து நாள் கழித்து, பெண் வீட்டுக்குப் புறப்பட்டபோது, அம்மா அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். ஜன்னலில் பிடித்தேன். நாளத்தை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில் நாலு விரல் எலும்புகளும் ஒரு மோதிரமும் வெள்ளையாக விழுந்திருந்தன.

"இது என் கைதானே சார்?"

"ஆமாம்மா."

"இவ்ளோ அழுத்தியா புடிச்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்திலிருந்த புர்க்காவுக்குள்ளிருந்து ஒரு கை வந்து, அந்த மோதிர விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டது.