ஷோகேஸ் தங்கச்சி

ரப்பர் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். ஸ்டூடியோவில் போட்டோ எடுப்பது முதலாளி. அதைக் கம்ப்யூட்டரில் திருத்துவது அவள். பரு, தொப்பை, இரட்டைத் தாடை எதுவானாலும் அவள் கைபட்டால் இருந்த இடம் தெரியாது. ஜனங்களைக் கேட்கவா வேண்டும்? "அக்கா, பல்லக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்று பல் டாக்டரிடம் கேட்பதுபோல் வந்து நிற்பார்கள்.

வேலையில்லாத ஒரு மதியம், தன் படத்திலேயே இடது கன்னத்துத் தீத்தழும்பை அழித்துப் பார்த்தாள். முதலாளிக்குப் பிடித்துப்போய் ஷோகேஸில் மாட்டிவிட்டார். "யாரும்மா இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்கே!" என்று வந்தவர்கள் கேட்டபோது நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "என் தங்கச்சி" என்றாள். அதோடு விட்டாளா? தங்கை வெளியூரில் வேலை பார்க்கிறாள், பிடிவாதக்காரி என்று மூன்று வருடத்தில் ஒரு முழு ஆளையே வளர்த்துவிட்டாள்.

எதிரே வாட்ச் கடை வைத்திருந்தவர் மாதம் தவறாமல் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருவார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மூக்கு வளஞ்சிருக்கு, நல்லா பாத்துத் திருத்துங்க" என்பார். அவர் வரும் நாளில் அவள் இரண்டு தடவை தலை வாருவாள். அது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

ஒருநாள் அவருடைய அக்கா வந்தாள்.

"என் தம்பி உங்க தங்கச்சி படத்தப் பாக்கத்தான் இங்கயே சுத்துறான் போல. பொண்ணக் குடுப்பீங்களா?"

ரப்பர் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மறைத்தால் அவர் தங்கையைத் தேடிப் போவார். சொன்னால் இந்தத் தழும்புக் கன்னமா என்று விலகிப் போவார். எப்படியும் போகிற ஆள்தானே என்று வீம்பு வந்தது. கம்ப்யூட்டரில் தழும்போடு இருந்த பழைய படத்தைத் திறந்தாள்.

"தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான்தான்."

வந்தவள் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுல நல்லா இருக்கீங்களே!"

"அப்போ இந்தப் பொண்ணுக்காகவாடா இத்தன போட்டோ?"

"திருத்தும்போதுதான அவங்க என் முகத்த உத்துப் பாக்குறாங்க?"

ரப்பர் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் ஷோகேஸில் தழும்போடு இருந்த படம் தொங்கியது. வந்தவர்கள் விடுவார்களா?

"உங்க தங்கச்சி எங்க?"

"அவள அழிச்சுட்டேன்" என்றாள் ரப்பர் அக்கா.