மேல் டிவிசனுக்கு ஒரு நோட்டீஸ்

நிரஞ்சலாவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த ஒரு காலையைத்தான் சொல்லவேண்டும். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேனேஜரான துரையின் ஆபீசில் அவள் கிளாக்கர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பெண்ணொருத்தி அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய அம்மா கருப்பம்மா இன்னும் கொழுந்து எடுப்பவள். மகள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்கள் குடியிருந்த மேல் டிவிசன் பகுதி முழுக்கத் தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். "எம் மவ தொரை ஆபீஸ்ல" என்று சொல்லும்போது அவளுக்குக் குரலே மாறிவிடும்.

வேலை முடிந்தால் நிரஞ்சலாவுக்குப் போன்தான். அதில் பலபேர் சேர்ந்து விளையாடுகிற ஒரு விளையாட்டு. ஒருவர் ஓர் ஊரையும் இனி வரப்போகிற ஒரு வருடத்தையும் எடுத்து, அன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுவார். அடுத்தவர் அதை இல்லையென்று சொல்லக்கூடாது. அதன்மேல் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். இப்படியே ஓர் எதிர்காலம் வளர்ந்துகொண்டு போகும். வெட்டி வேலை என்பீர்கள். ஆனால் பண்டாரவளை ரிஸ்காவும் அப்புத்தளை ஜோன்சனும், முகம் பார்த்தேயிராத இருவரும், அவளுக்கு அங்கேதான் சிநேகிதம் ஆனார்கள்.

அவள் 2034ஆம் ஆண்டை எடுத்தாள். கதையாக எழுத வரவில்லை. நாளெல்லாம் நோட்டீஸ் அடிக்கிற கை, நோட்டீசாகவே எழுதிவிட்டது. "மேல் டிவிசன் மூடப்படுகிறது. மலையுச்சியில் ஹோட்டல் கட்டப்படவிருப்பதால் லயங்களில் உள்ளோர் வெளியேற வேண்டும்." ரிஸ்கா அதில் ஒரு நீச்சல் குளம் வெட்டினாள். ஜோன்சன் ஹோட்டல் வாசலில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிலை வைத்தான், வெள்ளைக்காரர்கள் கட்டிப்பிடித்துப் படமெடுக்க. அவரவர் வீட்டிலிருந்தபடி மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இதுவரைக்கும் ஒரு பாதகமும் இல்லை. கெடுத்தது அவளுடைய சித்தப்பா மகள் சுதர்ஷினி. கெட்ட எண்ணத்தில் அல்ல, பெருமையில். "எங்கக்கா எழுதுனத பாருங்க" என்று அதைப் படம்பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். படத்தில் நோட்டீஸ் விழுந்தது; மேலே இருந்த வருடமும் விளையாட்டின் பெயரும் விழவில்லை. அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் போனதில் சுதர்ஷினியின் பெருமையும் உதிர்ந்து, வெறும் நோட்டீஸ் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வந்தவர்கள் மலைக்குப் போகவில்லை. நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். நிரஞ்சலா ஜன்னல் வழியே பார்த்தாள். முன்னால் தொழிற்சங்கத் தலைவர் தேவதாசன். அவருக்குப் பின்னால், முதுகில் கூடையோடு அம்மா.

"தொரை வெளிய வரட்டும்!" என்று தேவதாசன் கத்தினார். "எங்கள எந்த ரோட்டுல எறங்கச் சொல்றீங்க?"

கருப்பம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, எல்லா நோட்டீசும் நீதானே அடிக்கிற? பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

மேல் டிவிசன் லயத்தில்தான் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவும் இருக்கிறது. விளையாட்டு என்று சொன்னால் சனம் காறித் துப்பும். துரைக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் அம்மா உடைந்துபோவாள். அடிப் பாவி, எழுத உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று நிரஞ்சலா தன்னையே திட்டிக்கொண்டாள். வெளியே யாரோ பூந்தொட்டியை எட்டி உதைத்தார்கள். இனி ஒளிந்து பிரயோசனமில்லை. போனை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனாள்.

"மன்னிச்சிருங்க தொரை. அந்த நோட்டீஸ் நான் எழுதினது. போன்ல வெளையாட்டுங்க. நெசம் இல்ல."

ஏச்சு விழும் என்று தலைகுனிந்து நின்றாள். துரை போனை வாங்கிப் படித்தார். மேலே, கீழே, மறுபடி மேலே. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஹோட்டல்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானா நெனச்சு..."

"பொய் சொல்லாத. நீச்சல் குளம் வரைக்கும் இருக்கு. கொழும்பு கம்பெனி ஆபீஸ்ல யாரோட பேசுன?"

நிரஞ்சலாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, "அப்ப ஹோட்டல் நெசமா தொரை?" என்று கேட்டாள்.

துரை குரலைத் தணித்தார். "சரி, இன்னும் எதுவும் முடிவாகல. நீ வெளிய போய், வெளையாட்டுக்கு எழுதுனேன்னு சொல்லு. அது உண்மதானே? சொல்லிட்டு வந்து ஒன் வேலயப் பாரு. இல்லாட்டி நாளைக்கு வராத."

உண்மைதான். அதில் ஒரு சொல் பொய்யில்லை. அந்த உண்மையைச் சொன்னால் கூட்டம் சிரித்துக்கொண்டே மலைக்குப் போய்விடும். அம்மாவும் போவாள். நிஜமான நோட்டீஸ் ஒருநாள் கையில் வரும்வரைக்கும் ஒன்றும் தெரியாமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பயமும் இருந்தது.

வெளியே வந்து படியில் நின்றாள். துரை பின்னால் கதவருகே நின்றுகொண்டார். சத்தம் அடங்கியது.

"அந்த நோட்டீஸ் நான் எழுதினது" என்றாள். "போன்ல ஒரு வெளையாட்டுக்கு. இன்னும் கொஞ்ச வருசம் கழிச்சு நடக்கிற மாதிரி, நானா கற்பன பண்ணி எழுதுனேன்."

"இவள செருப்பால அடிக்கணும்!" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தே விட்டார்கள். கருப்பம்மா நெஞ்சில் கை வைத்து, "முருகா" என்று மூச்சு விட்டாள்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல. உள்ள போய் தொரைகிட்டயும் இததான் சொன்னேன். அவரு சிரிக்கல, ஏசவும் இல்ல. கதவச் சாத்திட்டு, 'ஒனக்கு யாரு சொன்னது, கொழும்பு கம்பெனி ஆபீஸ்ல யாரோட பேசுன'ன்னு கேட்டாரு. இன்னும் முடிவாகலன்னும் சொன்னாரு."

சிரிப்பு நின்றுபோனது. கருப்பம்மா கூடையைக் கழற்றி வாசலில் வைத்தாள். படியேறி, மகளைத் தாண்டி, துரையின் முன்னால் போய் நின்றாள்.

"எங்ககிட்ட சொல்லுங்க தொரை" என்றாள். "என்னா முடிவாகல?"