தோளில் கத்தியோடு நின்றவள்

நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. பதினெட்டு வருடமாக அங்கே எல்லோருக்கும் அவள் டைப் அக்கா. குத்துப்பட்டவர்களும் வெட்டுப்பட்டவர்களும் எதிரே நின்று அழுது சொல்ல, முகம் மாறாமல் அடித்துக்கொண்டே போவாள்.

"இந்தம்மா கண்ணுல தண்ணி வந்தா மிஷின் ரிப்பேர்னு அர்த்தம்" என்பார் குமாஸ்தா.

ஆனால் பிழைத்து வந்தவர்கள் சொன்னது ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை. வயிற்றில் குத்துப்பட்ட லாரி ஓட்டுநர், "கத்திய உருவாம அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உருவியிருந்தா வழியிலேயே போயிருப்பேன்" என்றார். கழுத்து நெரிக்கப்பட்ட தையல்காரி, "திமிறத் திமிற இறுக்குனான். துவண்டு விழுந்ததும் செத்துட்டேன்னு விட்டுட்டான்" என்றாள். திருடர்களை முழங்காலில் அடித்து மடக்கிய காவல்காரப் பெரியவர், "ஆளு மலை மாதிரி இருந்தாலும் முட்டி முட்டிதானுங்களே" என்று நீதிபதியையே சிரிக்க வைத்தார். வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் குரல்கள் அவளோடு கூடவே வரும்.

புருஷனின் அடி தாங்காமல் தங்கை அவளிடம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. வாசலில் இரும்புக் கம்பியோடு தங்கை புருஷன்.

"வாடி வீட்டுக்கு!"

தங்கை வாய் திறப்பதற்குள் கம்பி இறங்கியது. தடுத்த கையில் இரண்டு விரல்கள் ஒடிந்தன. அவள் அலறிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழிட்டாள். அக்கா பாய்ந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அதை விட்டுவிட்டு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அவளது இடது தோளில் இறக்கினான். எலும்பில் சிக்கியது; இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அவளைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, கழுத்தை நெரித்தான்.

முதலில் எல்லோரையும் போல அவளும் திமிறினாள். கண் இருட்டியது. அப்போது தையல்காரியின் நினைவு வந்தது. கையைக் காலைத் தளர விட்டாள். தலையைச் சாய்த்தாள்.

பிடி விலகியது. அவன் எழுந்துபோய் குளியலறைக் கதவை உதைக்க ஆரம்பித்தான்.

"அக்கா! அக்கா!" என்று உள்ளேயிருந்து தங்கை கதறினாள். இவள் மூச்சுக் காட்டவில்லை. ஒரு உதை, இரண்டு உதை. அவன் முழுசாகத் திரும்பிக்கொண்டான் என்று தெரிந்த பிறகே தன் கையிலிருந்து நழுவிக் கட்டிலடியில் கிடந்த கம்பியை நோக்கி ஊர்ந்தாள். தோளில் கத்தி அப்படியே நின்றது. சுவரைப் பிடித்து எழுந்து, வலது கையால், பின்னாலிருந்து முட்டியில் வீசினாள். மளுக்கென்று சத்தம். விழுந்தவனின் மற்ற முட்டியிலும் ஒன்று வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். அது தேவையில்லைதான்.

ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய்க் கத்தியில் கை வைத்தார்.

"தொடாதீங்க! உருவினீங்கன்னா உங்க மேலதான் கேசு!"

அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

அவள் பிழைத்தாள். இடது கை இன்றும் தோளுக்கு மேலே தூக்க வராது. அவனுக்கு ஒன்பது வருடம் தண்டனை.

ஆனால் தங்கைதான் வெகுநாள் அக்காவிடம் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் தட்டு கழுவும்போது உடைந்து அழுதாள்.

"அத்தனை தடவை கூப்பிட்டேனே, ஏன் பதில் சொல்லல? நீ செத்துட்டேன்னு நெனச்சு, நானும் சாகுறேன்னு கதவைத் திறக்கத் தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டேன், தெரியுமா?"

இதற்கான பதிலை எந்தச் சாட்சியும் அக்காவிடம் சொன்னதில்லை. கோணிப்போன அந்த இரண்டு விரல்களை ஈரத்தோடு பிடித்துக்கொண்டு, குழாயை மூடாமல், தங்கை அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.