எழுதாமல் விட்ட சுற்று

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும். ஒரு பொய்யை வருஷம் முழுக்க வாய்க்குள்ளேயே வைத்துக் காத்தவள் நான். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்றால் எனக்குச் சாதகமாகவாவது கட்டியிருப்பேன், அந்த அளவுக்குப் புத்தி உண்டு.

1956, செப்டம்பர் முப்பது. ஞாயிற்றுக்கிழமை. வட கரோலினாவில் எங்கள் கெய்ன் ஹாலோ செம்மண் திடல். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு வந்தது பட்டப்பகலில், நாலாயிரம் பேர் நடுவில்.

அந்தக் காலத்தில் பந்தயச் சுற்றுகளை எண்ண இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஓட்டுகிறவனின் பெண்டாட்டியோ அக்காவோ மரப்பரணில் உட்கார்ந்திருப்பாள். அவன் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் எதிரே தொங்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து மணி, நிமிஷம், விநாடி என்று அட்டையில் எழுத வேண்டும். ஒரு வரி, ஒரு சுற்று. முதலில் ஓடுகிறவனின் அட்டையில் இருநூறு வரி நிறைந்தால், பந்தயம் முடிந்தது என்று கட்டம் போட்ட கொடி விழும். அழிக்கக் கூடாது. தப்பென்றால் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யாத புண்ணியவதி நான்.

முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் ஓடெல் ஓட்டினார். முப்பத்தெட்டாம் நம்பர். கடையில் வாங்கிய சாதாரணக் கார்தான். பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவுகளைத் திறக்காதபடி பற்றவைத்து அவரே பந்தயத்துக்கு ஆக்கினார். அந்தக் காருக்கு ஒரு விக்கல் உண்டு. வளைவிலிருந்து வெளியே வரும்போது, ட்ர்ர்ர்... டக்... ட்ர்ர்ர். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இது அவர்தான் என்று.

அப்போது எனக்கு ஐந்து மாதம். மசக்கை. நாக்கு வேர்க்கடலைக்கு ஏங்கியது. பந்தயக்காரர்களுக்குக் கடலை ஆகாது. திடலுக்குள் தொலி கண்ணில் பட்டாலே யாராவது சாவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. தெரிந்தும் வாசலுக்கு வெளியே அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்கி, ஏப்ரன் பைக்குள் மறைத்துக் கொண்டு போனேன். பரணில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக நாலு தின்றேன். நாலே நாலுதான்.

படியில் காலடிச் சத்தம். ஓடெலின் தம்பி டாயில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் பார்த்துவிடப் போகிறானே என்று குனிந்து, காலடியில் கிடந்த தொலிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். நிமிர்ந்தபோது அந்த விக்கல் சத்தம் தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. போய்விட்டாரா, இன்னும் வரவில்லையா? வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சுற்று குறைந்தது.

ஓடெல் இருநூறு முடித்தபோது கொடி விழவில்லை. என் அட்டையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதானே இருந்தது! அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒண்ணா என்று கேட்டார். கொடி விழாவிட்டால் ஓட வேண்டும், அதுதான் வழக்கம். ஓடினார். மூன்றாம் வளைவில் முன் சக்கரத்து அச்சு முறிந்தது.

அட்டைகளைச் சரிபார்த்தவர்கள் அன்றே தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெயித்தது ஓடெல்தான். கோப்பையைச் சாவு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். புழுதியில் தெரியாமல் போயிருக்கும், நீ என்னம்மா செய்வாய் என்றார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடலை விஷயம் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மறு வருஷம் டாயில் வந்து நின்றான்.

"அண்ணி, எனக்கு நீங்கதான் எழுதணும்."

"வேற ஆளைப் பாருடா. ஒருத்தரைக் கொன்னது போதாதா?"

"கொன்னது புழுதி. நீங்க இல்லை."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன, கல்யாண வீடா? வாங்க."

போனேன். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். ஒரு சுற்றைக்கூட விடக் கூடாது, விட்டால் இவனும் போவான். அன்று என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

2:30க்குப் பந்தயம் தொடங்கியது. டாயில் சுற்றுக்கு இருபத்தேழு விநாடி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டான். நான் கண் இமைக்காமல் எழுதினேன்.

2:52. உப்புத் தண்ணீரில் அவித்த கடலை வாசனை அடித்தது.

பக்கத்தில் வேறொரு காருக்கு எழுதிக்கொண்டிருந்த வெர்டி அக்கா என்னைப் பார்த்தாள்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"கடலை வாசனை வருதுக்கா."

"வாயைக் கழுவுடி! அந்தப் பேரை இங்க எடுக்காதே."

அவளுக்கு வாசனை தெரியவில்லை. எனக்கு மூக்கை அடைத்தது. பெஞ்சுக்கடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

3:20. திடல் முழுக்கச் செம்புழுதி. கார்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, கோட்டருகே வரும்போதுதான் நம்பர் தெரிந்தது. வெர்டி அக்கா விரல் விட்டு எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"ஏண்டி நெட்டி, எத்தனை வண்டி மிச்சம்?"

"பதினொண்ணு."

"நான் பன்னிரண்டு எண்ணுறேன்."

"புழுதிக்கா."

"புழுதிக்கு இன்ஜின் சத்தம் வருமாடி?"

பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

3:41:04. டாயில் தாண்டினான். எழுதினேன்.

அதன் பிறகு...

ட்ர்ர்ர்... டக்... ட்ர்ர்ர்.

எட்டிப் பார்த்தேன்.

கோட்டில் புழுதி மட்டும் நகர்ந்தது. உள்ளே கார் இல்லை. நம்பர் இல்லை. சத்தம் மட்டும் என்னைத் தாண்டிப் போனது.

குனிந்து பார்த்தேன். அட்டையில் ஒரு வரி கூடியிருந்தது. என் கையெழுத்து.

3:41:16.

எப்போது எழுதினேன்? கடிகாரத்தைப் பார்த்த நினைவே இல்லை.

3:41:31. டாயில் தாண்டினான். அதையும் எழுதினேன்.

நடுவில் இருந்தது தப்பான வரி. பன்னிரண்டு விநாடியில் எந்த மகராசனும் ஒரு சுற்று முடிக்க முடியாது. அடிக்க வேண்டும். பென்சிலை அதன்மேல் வைத்தேன்.

ஒரு தடவை அவருடைய சுற்றை எழுதாமல் விட்டவள் நான். எழுதியிருப்பதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அழுகை வந்தது. புழுதி போல அதையும் துடைத்துக்கொண்டேன்.

விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.

வாசனையும் இல்லை.

4:00:25. என் அட்டையில் இருநூறாவது வரி. "இருநூறு!" என்று கத்தினேன். கட்டம் போட்ட கொடி விழுந்தது. டாயில் வேகத்தைக் குறைத்து, கையை ஆட்டிக்கொண்டே கார்களை நிறுத்துகிற பக்கம் திரும்பினான். நடக்கிற வேகம்தான்.

டங்!

முன் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போய் வேலியில் சாய்ந்தது. கார் முகம் குப்புறப் படுத்தது. டாயில் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தான். ஒரு கீறல்கூட இல்லை.

அவனுடைய மெக்கானிக் மண்டி போட்டுக் கீழே பார்த்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அச்சு," என்றான். "முழு வேகத்துல இன்னொரு சுத்து போயிருந்தா..."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஐந்து மணிக்கு, அட்டைகளைச் சரிபார்க்கும் பாஸ்கம் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் என் அட்டை இருந்தது.

"ஒரு வரி அதிகமா எழுதியிருக்கே, பாரு. அவன் ஓடினது நூத்தித் தொண்ணூத்தொன்பதுதான்."

"தெரியும் ஐயா."

"சரி, கொடி விழுந்தா விழுந்ததுதான். ரெண்டாவது வந்தவன் மூணு சுத்து பின்னாடி. போன வருஷம் ஒண்ணை விட்டே, இந்த வருஷம் ஒண்ணைச் சேத்துட்டே. கணக்கு நேராயிடுச்சுன்னு வெச்சுக்கோ."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நல்ல மனுஷர். பிறகு ஏதோ யோசித்துப் பழைய பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். முப்பத்தெட்டாம் நம்பர். ஓடெலின் அட்டை. பந்தயத்தன்று அதைக் கொடுத்ததோடு சரி, நான் பார்த்ததே இல்லை. பார்க்கத் தைரியமில்லை.

3:40:49 என்று ஒரு வரி. அடுத்தது 3:41:43. நடுவில் ஐம்பத்து நாலு விநாடி. நான் குனிந்திருந்த நேரம். அந்த இடைவெளியைப் பாஸ்கம் ஐயா அன்றே சரிபாதியாகப் பிரித்து, விட்டுப்போன சுற்றைச் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார்.

3:41:16.

அவர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்புப் பென்சில் அவர் கையிலேயே இருந்தது. தப்பான வரியை அடிக்கத்தான் எடுத்திருந்தார். அடிக்காமலே கீழே வைத்தார்.

"வீட்டுக்குப் போம்மா," என்றார்.

வெளியே வந்தேன். டாயில் எதிரே வந்தான். ஜெயித்தவன் முகமா அது? கோபத்தில் சிவந்திருந்தது.

"எந்தப் பாவி பார்த்த வேலை அண்ணி இது? கதவெல்லாம் பத்தவெச்ச வண்டி. காலையில நானே பெருக்கினேன். என் கால்மாட்டுல கெடக்கு, பாருங்க!"

கையை விரித்துக் காட்டினான். கடலைத் தொலி.

எண்ணினேன். நாலு.

அன்று நான் பொறுக்கி மறைத்தது நாலு. அது என்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வந்து தம்பியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா... இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எதுவானாலும், ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

"குடுடா," என்று கையை நீட்டினேன். டாயில் கொட்டினான்.

ஒன்றரை மணி நேரம் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் கிடந்த தொலி. இன்னும் ஈரமாக இருந்தது.