மூளி ஆறுபென்சு

அக்கரப்பத்தனையில் நான் வேலை பார்த்த தோட்டத்துத் தேயிலை ஆலையில், அதாவது ஸ்டோரில், தேத்தண்ணி ருசி பார்ப்பதற்கென்று ஒரு சின்னத் தராசு இருந்தது. படிக்கல் கிடையாது. ஒரு தட்டில் வெள்ளைக்காரன் காலத்து ஆறுபென்சு வெள்ளிக்காசு, மறுதட்டில் அதன் எடைக்குத் தூள். ஒரு கோப்பைக்கு அதுதான் அளவு. கோப்பைகளைக் கழுவி அடுக்குவது என் உத்தியோகம்.

ஒரு சனிக்கிழமை, வடை மடித்து வந்த பத்திரிகைத் துண்டில் படித்தேன்: அச்சடிக்கும்போதே ஓரம் மூளியாகிப்போன காசுகளுக்குச் சீமையில் பெரிய விலையாம். கட்டுரையின் மீதி வேறு யாருடைய வடையோடோ போய்விட்டது. எனக்குப் பாதிப் படிப்பே ஏராளம். தராசுக் காசை எடுத்துப் பார்த்தேன். ராஜாவின் கழுத்துக்குக் கீழே ஓரம் மூளி! அதை மடியில் முடிந்துகொண்டு, அதே அகலத்தில் புதிதாக வந்திருந்த இருபத்தைந்து சதத்தைத் தட்டில் வைத்தேன்.

மறுநாள் ஹட்டனில் ஒரு நகை ஆசாரியிடம் நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள், நான் மனசுக்குள் ஒரு மோட்டார் கார் வாங்கி டிரைவரும் வைத்துவிட்டேன்.

"அச்சுல வந்த குறைன்னா எதிர் ஓரமும் மழுங்கியிருக்கணும் தம்பி. இது அங்க ஜம்முன்னு இருக்கு. இங்க பாருங்க, கோடு கோடா. யாரோ அரம் போட்டிருக்காங்க."

"அரமா? எதுக்குங்க?"

"எடையக் குறைக்கத்தான். எந்தத் திருட்டுப்பய குடுத்தான்?"

திருட்டுப்பயல் காசை வாங்கி மறுபடி மடியில் முடிந்துகொண்டான். டிரைவர் அந்த நிமிஷமே வேலையை விட்டுப் போனார். தராசுக்காகவே தேய்த்த காசு! புதுக்காசு எடை கூட, தூளும் கூட. திங்கட்கிழமை தோட்டத்து மேனேஜர் தொரை ருசி பார்க்க வருவார். கண்டுபிடித்தால் பேர் வெட்டி, கையில் பத்துச்சீட்டைக் கொடுத்து, குடியிருக்கும் லயத்தை விட்டே அனுப்பிவிடுவார்.

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மச்சான் வீட்டில் படுத்துக் காலையில் ஓடி வந்தால், தொரை ஏற்கெனவே உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தார். அவர் மூன்றாவது கோப்பைக்கு வருவதற்குள், நான் பெண்டாட்டி பிள்ளைகளோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலே ஏறிவிட்டேன்.

"டீமேக்கர்! மூணு வருசமா இப்படி தேத்தண்ணி இல்லே!" என்றார் தொரை. "எல்லாம் இந்த திம்புள்ள மலைக் காத்து. எனக்கு நாக்குலே தெரியும்."

அந்தக் காற்று என் இருபத்தைந்து சதம்.

தொரை போனதும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஆறுபென்சு எங்கடா?"

முடிச்சை அவிழ்த்து நீட்டினேன். ஐயா குரலைத் தாழ்த்தினார்.

"அரம் போட்டது நான்தான். தராசு ஒரு பக்கமா சாஞ்சுச்சேன்னு தேச்சேன். கொஞ்சம் கூடத் தேச்சுட்டேன் போல. மூணு வருசமா தண்ணியா இருக்கு தண்ணியா இருக்குன்னு தொரைகிட்ட ஏச்சு."

"மன்னிச்சுக்கங்கய்யா. இப்பவே திருப்பி வச்சிர்றேன்."

"வச்சுப் பாரு, கைய முறிச்சுருவேன். கொண்டு போயிரு!"

இன்றைக்கும் அந்தக் காசு என்னிடம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, அபூர்வமான அச்சுக்குறை என்று சொல்லித்தான் காட்டுகிறேன். எதிர் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன்.