வால் வெட்டிய ஆறு கவர்கள்

1995 ஜனவரி 8, ஞாயிறு, காலை ஏழு பத்து. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. அடையாறில் ஒரு பங்களா வாசலில், டிரெய்லர்மேல் ஏற்றி வைத்திருந்த பதினாறடி பாய்மரப் படகுக்குள் இஞ்ச் டேப்போடு குனிந்திருந்தேன். மயிலாப்பூரில் இருபத்திரண்டு வருடமாகக் கார் சீட் கவர் தைத்தவனுக்குப் படகில் என்ன வேலை? நானும் அதைத்தான் கேட்டேன்.

"காருக்குத் தைப்பீரே, அதே மாதிரிதான் ஓய்" என்றார் படகுக்காரர்.

ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். படகோட்டப் பழகி மூன்று மாதம். அதற்குள் தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டார். நீச்சல் தெரியாது. உட்காரும் பலகைக்கு அடியில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு மாடங்கள். கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது; அதற்குப் பெயர் லாக்கராம்.

"லைஃப் ஜாக்கெட்டெல்லாம் இதுக்குள்ளேதான் வைக்கணும். ஒரு சொட்டு ஜலம் போகப்படாது, தெரியறதா?"

"ஜாக்கெட்டப் போட்டுக்க மாட்டீங்களா சார்?"

"போட்டுண்டா போட்டோல குண்டாத் தெரியறது ஓய்."

பச்சை கேன்வாஸ் எடுத்தேன். கவருக்கு எட்டு பிரஸ் பட்டன். ஒரு மடிப்பு விழாமல் மத்தளத் தோல்போல இழுத்துத் தைப்பதுதான் சீட் கவர்காரனுக்குப் பெருமை. கீழ் விளிம்பில், பிடித்து இழுத்துத் திறக்க ஒரு நாடா வைத்தேன். கடையில் அதை வால் என்போம். கேப்டன் முகம் சுளித்தார்.

"என்ன ஓய், அசிங்கமா வால் தொங்கறது? வெட்டும்."

ஆறையும் வெட்டினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

22ஆம் தேதி துறைமுகத்துக்குள் வெள்ளோட்டம். கவர் எப்படி உட்காருகிறது என்று பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார். பாயைக் கவனிக்கக் கூலிக்கு வந்தவர் சாந்தோம் மீனவர் அந்தோணி. மூன்று பேருக்கு நான்கு ஜாக்கெட். நான்கும் ஒரே மாடத்தில், கவருக்குப் பின்னால்.

"இன்னா சார், ஜாக்கெட்ட பீரோல வெச்சுப் பூட்டிக்கினு கடலுக்குப் போறியா?" என்றார் அந்தோணி.

"பூட்டலேப்பா, பட்டன்தான்" என்று கேப்டன் சிரித்தார்.

அரை மணியில் காற்று திரும்பியது. பாயின் அடிக்கட்டை சுழன்று வந்தது. "குனி சார்!" என்று அந்தோணி கத்தினார். கேப்டனுக்கு உத்தரவு போடுவது யார் என்று கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். கட்டை தோளில் அடித்தது, தண்ணீரில் விழுந்தார். பாய்க் கயிற்றைப் பிடித்திருந்த அந்தோணி என் பக்கம் திரும்பினார்.

"மாமா, ஜாக்கெட்ட எட்துப் போடு! நான் கயித்த வுட்டா போட்டு கவுந்துடும்!"

குனிந்தேன். தெறித்த தண்ணீரில் கேன்வாஸ் சுருங்கி விறைத்திருந்தது. விளிம்பில் விரல் நுழைய இடமில்லை. நகம்தான் பிய்ந்தது, எட்டில் ஒரு பட்டன்கூட அசையவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை. கேப்டன் இரண்டு முறை முங்கி எழுந்துவிட்டார். சட்டைப் பையில் நூல் வெட்டும் பிளேடு இருந்தது. கவரைக் குறுக்கே ஒரே கீறாகக் கீறினேன். வீசிய முதல் ஜாக்கெட் காற்றோடு போயிற்று. இரண்டாவதை அவர் கட்டிக்கொண்டார். அந்தோணி படகைத் திருப்பி, காலரைப் பிடித்து ஏற்றினார்.

"உப்புத் தண்ணி வயிறு முட்டக் குட்ச்சுட்ட. இன்னிக்கு டிபன் வாணாம் நைனா."

மூச்சு திரும்பியதும் கேப்டன் முதலில் பார்த்தது கவரை.

"கிழிச்சுட்டீரா ஓய்?"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படகு மாடத்துக்குத் தைக்கும் கவர் அழகாக மூடினால் போதாது. ஈரக் கையால், ஒற்றைக் கையால், பார்க்காமலே திறக்க வேண்டும். வால் அசிங்கம் என்பவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

கேப்டன் என் பில்லில் கிழிந்த கவருக்கு நூற்றெண்பதும், காற்றில் போன ஜாக்கெட்டுக்கு நானூற்றிருபதும் கழித்துக்கொண்டார். அந்த அமளியில் என் செருப்பு ஒன்றும் கடலோடு போயிற்று, ஜோடி எழுபத்தைந்து. ஆக, அந்த மனிதர் உயிரோடு வீடு திரும்பியதில் எனக்கு ஆன செலவு ரூபாய் அறுநூற்று எழுபத்தைந்து.